சாண்டா மோனிகா: கேட்காமலே வந்த பசுமை மின்சாரம் — ஒரு நிகழ்வு ஆய்வு

கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா நகரில், வீட்டுக்காரர் தாமாக எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் அவருக்குக் கிடைக்கும் மின் திட்டம் 2019 பிப்ரவரி முதல் நூறு சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரமாக மாறியது. அதே ஆண்டு மே மாதத்தில் கடைகள், அலுவலகங்கள் உள்ளிட்ட வணிக இணைப்புகளும் அவ்வாறே மாற்றப்பட்டன. எவரும் விண்ணப்பிக்க வேண்டியிருக்கவில்லை. வேண்டாம் என்பவர்தான் சொல்ல வேண்டியிருந்தது. இவ்வாறு தானாக வந்துசேரும் திட்டத்தை இக்கட்டுரை 'இயல்புத் திட்டம்' என்று குறிப்பிடுகிறது. முடிவெடுத்தவர்கள், பணியாற்றியவர்கள், ஆட்சேபித்தவர்கள் எவருடைய பெயரும் இங்கே இல்லை. அந்த முடிவு எப்படி உருவானது, யாருக்கு என்ன செலவு வைத்தது, எது வேறுவிதமாக நடந்திருக்கலாம் என்பவை மட்டுமே இங்கு ஆராயப்படுகின்றன.

## பின்னணி

சாண்டா மோனிகா பசிபிக் கடலோரத்தில் ஏறத்தாழ 93,000 பேர் வாழும் சிறிய நகரம். ஒரு பக்கம் கடல். மற்ற மூன்று பக்கமும் லாஸ் ஏஞ்சலஸ் நகரம். கிழக்கு எல்லையான சென்டினலா அவென்யூவைத் தாண்டினால் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் தானே நடத்தும் மின்வாரியத்தின் பகுதி தொடங்கிவிடுகிறது. சாண்டா மோனிகாவுக்கு அப்படிச் சொந்த வாரியம் கிடையாது. கம்பங்கள், கம்பிகள், மீட்டர்கள் அனைத்தும் சதர்ன் கலிபோர்னியா எடிசன் என்ற தனியார் நிறுவனத்துக்குச் சொந்தம். ஆகவே மின்சாரம் எங்கிருந்து வாங்கப்படுகிறது என்பதில் நகரமன்றத்துக்கு நெடுங்காலம் எந்த அதிகாரமும் இருக்கவில்லை.

தன் சொந்தக் கட்டடங்கள் விஷயத்தில் மட்டும் நகரம் முன்கூட்டியே செயல்பட்டிருந்தது. 1999-லேயே நகராட்சி அலுவலகங்கள், தெருவிளக்குகள் முதலியவற்றுக்கு முழுவதும் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை வாங்கத் தொடங்கியது. ஆனால் நகராட்சியின் நுகர்வு ஊரின் மொத்த நுகர்வில் சிறு பங்குதான். மீதி முழுவதும் வீடுகளிலும் வணிக இடங்களிலும் செலவாகிறது.

அதிகாரத்துக்கான வழியை மாநிலச் சட்டம் திறந்தது. 2000–2001 மின் நெருக்கடிக்குப் பிறகு, 2002-ல் கலிபோர்னியா நிறைவேற்றிய ஏ.பி. 117 என்ற சட்டம், நகரங்களும் கவுண்டிகளும் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகள்) தனித்தோ கூடியோ தம் மக்களுக்கான மின்சாரத்தைத் தாமே கொள்முதல் செய்ய அனுமதித்தது. கம்பிகளும் மீட்டர் கணக்கும் பில் அனுப்பும் வேலையும் பழைய நிறுவனத்திடமே இருக்கும். வாங்கும் பொறுப்பு மட்டும் கைமாறும். மக்கள் அனைவரும் முதலில் சேர்க்கப்பட்டு, விருப்பமில்லாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்பதைச் சட்டமே முறையாக வகுத்தது. இவ்வழியில் முதலில் இறங்கியது 2010-ல் வடக்கே மரின் கவுண்டி. தெற்கே, லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் முன்முயற்சியில் 2017-ல் உருவான கூட்டமைப்பு பின்னர் கிளீன் பவர் அலையன்ஸ் என்று பெயர் மாற்றம் பெற்றது. லாஸ் ஏஞ்சலஸ், வென்ச்சுரா கவுண்டிகளைச் சேர்ந்த 31 உள்ளாட்சிகள் அதில் சேர்ந்தன. சாண்டா மோனிகாவும் அவற்றில் ஒன்று.

## முடிவுக்கு முன் கண்டறிந்தவை

அலையன்ஸ் மூன்று திட்டங்களை வைத்தது. முதலாவதில் 36 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம். எடிசனின் அடிப்படைக் கட்டணத்தைவிட 1 முதல் 2 சதவீதம் மலிவு. இரண்டாவதில் 50 சதவீதம். விலை எடிசனுக்குச் சமம் அல்லது சற்றே குறைவு. மூன்றாவதில் 100 சதவீதம். 7 முதல் 9 சதவீதம் கூடுதல். இந்த ஒப்பீடு முழு பில்லையும் வைத்துச் செய்யப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். பில்லில் ஏறத்தாழ பாதி கம்பி வழியே கொண்டுவரும் கட்டணம். அது எந்தத் திட்டத்திலும் மாறாது. எனவே மின்சாரத்தின் விலையை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தால் ஏற்றம் இந்தச் சதவீதத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. விளம்பரத் தாள்களில் வரக்கூடிய எண் சிறியதாகத் தெரிவதற்கு இதுவே காரணம். அது பொய்யன்று, ஆனால் முழு விளக்கமும் அன்று.

உறுப்பினரான ஒவ்வொரு நகரமும் இம்மூன்றில் எதைத் தன் மக்களுக்கு இயல்புத் திட்டமாக வைப்பது என்று தானே தீர்மானிக்கலாம். எந்த நகரத்தவரும் மற்ற இரண்டில் ஒன்றுக்கு மாறலாம். அலையன்ஸையே விட்டு எடிசனுக்கும் திரும்பலாம்.

மக்கள் தாமாக முன்வந்து பசுமை மின்சாரத்தைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று காத்திருப்பதில் பயனில்லை என்பது அப்போதே தெரிந்த விஷயம். அமெரிக்க மின் நிறுவனங்கள் பல ஆண்டுகளாக நடத்திவந்த விருப்பத் திட்டங்களில் பெரும்பாலும் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான் சேர்ந்திருந்தார்கள். கருத்துக் கணிப்பில் பசுமை மின்சாரம் வேண்டும் என்பவர்களில் மிகப் பெரும்பாலோர் படிவத்தை நிரப்புவதில்லை.

மறுபுறம், தெற்கு ஜெர்மனியில் எனர்கீடீன்ஸ்ட் என்ற மின் நிறுவனத்தின் அனுபவம் இருந்தது. 1999-ல் அந்நிறுவனம் பசுமைத் திட்டத்தை இயல்பாக்கி, மலிவான சாதாரணத் திட்டம் ஒன்றையும் விலை கூடிய பசுமைத் திட்டம் ஒன்றையும் மாற்றாக வைத்துக் கடிதம் அனுப்பியது. பதில் எழுதாமல் இயல்பிலேயே இருந்துவிட்டவர்கள் ஏறத்தாழ 94 சதவீதம். மலிவானதற்கு மாறியவர்கள் 4 சதவீதத்தைச் சற்றுத் தாண்டினார்கள். ஆனால் இந்த உதாரணத்தை எடுத்துக்காட்டுவோர் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு செய்தி உண்டு: அங்கே இயல்பாக வைக்கப்பட்ட பசுமைத் திட்டம் மக்கள் அதுவரை கொடுத்துவந்த விலையைவிடச் சற்று மலிவாகவே இருந்தது. சாண்டா மோனிகா செய்யவிருந்தது விலையை ஏற்றும் மாற்றம். அதற்கு அந்த ஜெர்மன் எண்ணிக்கையை அப்படியே உறுதிமொழியாகக் கொள்ள முடியாது.

ஊரின் அமைப்பிலும் கவனிக்கத்தக்க இரண்டு கூறுகள் இருந்தன. ஒன்று, குடியிருப்புகளில் ஏறத்தாழ பத்தில் ஏழு வாடகை வீடுகள். வாடகைக்கு இருப்பவர் கூரையில் சூரியத் தகடு பதிக்க முடியாது. அவருக்குப் பசுமை மின்சாரம் கிடைக்க வேண்டுமானால் அது கம்பி வழியேதான் வர வேண்டும். இரண்டாவது, கடற்காற்று. கோடையிலும் காலைநேரத்தில் மூடுபனி படரும் இவ்வூரில் ஏசி இல்லாத வீடுகள் ஏராளம். அடுக்குமாடி வீடுகளின் மின் செலவு குறைவு. ஒன்பது சதவீத ஏற்றம் சிறிய பில்லின் மேல் விழும்போது சில டாலர்களே. அதே ஆண்டில் அதே முடிவை எடுத்த தௌசண்ட் ஓக்ஸ் மலைக்கு உட்புறமாக, வெயில் கடுமையான இடத்தில் இருக்கிறது. அங்கே அதே ஒன்பது சதவீதம் கோடைக்கால ஏசி பில்லின் மேல் விழும். ஒரே எண்ணை இரு ஊர்களும் விவாதித்தாலும் விவாதப்பொருள் ஒன்றாக இருக்க முடியாது.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

2018-ல் நகரமன்றம் மூன்றாவது திட்டத்தை, அதாவது 100 சதவீதத்தை, இயல்பாக வைத்தது. கல்வர் சிட்டி, வெஸ்ட் ஹாலிவுட், சவுத் பாசடீனா, ஆக்ஸ்நார்ட், ஓஹாய், வென்ச்சுரா முதலியனவும் அதே வழியில் சென்றன. மற்ற உறுப்பினர்களில் பலர் 50 அல்லது 36 சதவீதத்தோடு நின்றார்கள்.

கார்பன் கணக்கு, அதாவது ஊரால் வெளியாகும் கரியமில வாயுவின் அளவு, முதல் காரணம். ஒரு நகரமன்றம் ஒரே தீர்மானத்தால் ஊரின் முழு மின் நுகர்வையும் மாற்றக்கூடிய வழி இதைத் தவிர வேறில்லை. போக்குவரத்தில் அத்தகைய ஒற்றைத் தீர்மானம் எதுவும் கிடையாது. திட்டத்திலிருந்து விலகும் உரிமை எல்லோருக்கும் இருக்கிறது என்பது இரண்டாவது காரணமாகச் சொல்லப்படுவது. அது உண்மைதான். ஆனால் பெரும்பாலோர் எதையும் செய்ய மாட்டார்கள் என்பதை நம்பித்தான் இயல்புத் திட்டமே வகுக்கப்படுகிறது. அப்படியிருக்க, விலகும் உரிமை ஒன்றை வைத்தே முழுச் சம்மதமும் பெறப்பட்டது என்று வாதிடுவது பொருந்தாது. யார் ஒன்றும் செய்யாமல் இருப்பார்களோ அவர்களுக்காக நகரம் முடிவெடுக்கிறது. ஆகவே அவர்களில் தாங்க முடியாதவர்களைக் காப்பதும் நகரத்தின் வேலையாகிறது.

அந்த வேலையைச் செய்தது, இந்நிகழ்வில் மிகச் சிறந்தது என்று கருதத்தக்க ஒரு விதி. கலிபோர்னியாவில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் 'கேர்' என்ற திட்டத்தின்கீழ் மின் கட்டணத்தில் 30 முதல் 35 சதவீதம் தள்ளுபடி உண்டு. மருத்துவக் கருவிகளை வீட்டில் இயக்க வேண்டியவர்களுக்கும் தனிச் சலுகை இருக்கிறது. இயல்பாக 100 சதவீதத்தை வைத்த நகரங்களில் இச்சலுகைகளைப் பெறுவோருக்கு அதே பசுமை மின்சாரம் கூடுதல் விலையின்றி வழங்கப்படும் என்று அலையன்ஸ் அறிவித்தது. அவர்கள் தனியே விண்ணப்பிக்க வேண்டியதில்லை. விலை ஏற்றத்தை இயல்பாக்கியவர்கள் அதிலிருந்து விலக்கையும் இயல்பாக்கினார்கள்.

இவை முடிவாகிக்கொண்டிருந்த வேளையில், 2018 அக்டோபரில், மின் கட்டணங்களை ஒழுங்குபடுத்தும் மாநிலப் பொதுப்பயன்பாட்டு ஆணையம் 'ஈடுகட்டும் கட்டணம்' என்ற ஒன்றைக் கணக்கிடும் முறையை மாற்றியது. பழைய நிறுவனம் எல்லோருக்காகவும் முன்பு நீண்டகால ஒப்பந்தங்களைப் போட்டிருக்கிறது. அவற்றில் பல, சூரிய மின்சாரம் விலை மிகுந்திருந்த காலத்தவை. வாடிக்கையாளர்கள் விலகிச் செல்லும்போது அந்தச் சுமை எஞ்சியவர்கள் தலையில் விழாதிருக்க, விலகியவர்கள் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு தொகை கட்ட வேண்டும். புதிய முறை இத்தொகையைக் கூட்டும் திசையில் இருந்தது. அலையன்ஸ் தன் கையில் இல்லாத ஒரு கட்டணத்தை உள்ளடக்கியே தன் விலையை எடிசனோடு ஒப்பிட வேண்டியிருந்தது. மூன்று திட்டங்களுக்கும் சொல்லப்பட்ட சதவீதங்கள் இத்தகைய தளத்தின் மேல் நின்றவை.

## மாற்றம் நடந்த விதம்

சட்டப்படி நான்கு அறிவிப்புகள் செல்ல வேண்டும்: சேர்ப்பதற்கு முந்தைய இரண்டு மாதங்களுக்குள் இரண்டு, சேர்த்த பின் இரண்டு பில் காலங்களில் இரண்டு. சேர்ந்தபின் 60 நாட்களுக்குள் விலகுவோர் கட்டணமின்றி எடிசனுக்குத் திரும்பலாம். அதற்குப் பிறகு விலகுவோருக்கு எடிசன் விதிகள் பொருந்தும்: ஆறு மாதம் முன்னறிவிப்பு தர வேண்டும், அல்லது உடனே திரும்பி இடைக்காலக் கட்டணத்தை ஏற்க வேண்டும்; பன்னிரண்டு மாதம் மீண்டும் வெளியே வர முடியாது. அலையன்ஸின் மூன்று திட்டங்களுக்குள் மாறுவதற்கு இந்தத் தடைகள் இல்லை.

எல்லா வீடுகளும் ஒரே நாளில் மாறவில்லை. பிப்ரவரியில் அந்தந்த இணைப்புக்கு மீட்டர் கணக்கெடுக்கும் நாளில் அந்த இணைப்பு மாறியது. மாறியதைக் காட்டும் அடையாளம் பில் மட்டுமே. எடிசன் பெயரிலேயே வரும் அந்த பில்லில் முன்பு மின்சாரத்தின் விலைக்காக எடிசன் போட்ட தொகை மறைந்து, அலையன்ஸின் கட்டணம் தனிப் பக்கத்தில் வந்தது. ஈடுகட்டும் கட்டணம் எடிசனின் பகுதிக்குள் ஒரு வரியாகச் சேர்ந்தது. வாடிக்கையாளர் தாம் கூடுதலாக எவ்வளவு கொடுக்கிறார் என்று அறிய இரண்டு பக்கங்களையும் கூட்டி, எடிசனிலேயே இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற, பில்லில் இல்லாத ஒரு தொகையோடு ஒப்பிட வேண்டும். மின் கட்டண விவரங்களில் பழகியவருக்கே இது எளிதன்று. ஒரே மின்சாரத்துக்கு இருவர் பணம் வாங்குகிறார்கள் என்று நினைத்தவரைக் குறை சொல்வதற்கில்லை.

இதனோடு தற்செயலாக வேறொன்றும் கலந்தது. 2019 மார்ச் 1 முதல் எடிசன் நேரவாரிக் கட்டணத்தின் (நாளின் நேரத்தைப் பொறுத்து விலை மாறும் முறையின்) நேரங்களை மாற்றியது. பகலில் இருந்த உச்சக் கட்டணம் மாலை 4 முதல் 9 மணிக்கு நகர்ந்தது. சூரிய மின்சாரம் பகலில் பெருகி அந்தியில் வற்றும் கலிபோர்னியாவில் அது தர்க்கத்துக்கு உகந்ததே. ஆனால் இரவு உணவுக்குக் கூட்டம் வரும் ஒரு சிறு உணவகத்தின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்: மார்ச்சில் உச்ச நேரம் மாறுகிறது, மே மாதத்தில் மின்சாரம் வாங்குபவர் மாறுகிறார், ஜூனில் எடிசனின் கோடைக் கட்டணம் தொடங்குகிறது. ஜூலையில் வரும் பெரிய பில்லில் எந்தப் பங்கு எதனால் என்று அந்த உரிமையாளரால் பிரிக்க முடியாது. மாதம் 2,000 டாலர் கட்டுபவருக்குப் பசுமைத் திட்டத்தின் பங்கு 140 முதல் 180 டாலர் அளவில் இருக்கக்கூடும். மீதி உயர்வு வேறு காரணங்களால் வந்தது. ஆயினும் புதிதாகக் கண்ணில்படுவது அலையன்ஸின் பெயர்தான்.

## பின்விளைவுகள்

விலை கூடியபோதும் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட இணைப்புகள் விலகாமல் நீடித்தன. விலகுவோர் அலை பெரிதாகும் என்ற அச்சம் மெய்ப்படவில்லை. சுவிட்சர்லாந்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளையும் நிறுவனங்களையும் ஆராய்ந்து 2021-ல் வெளியான ஆய்வும் பின்னர் இதே திசையைக் காட்டியது: இயல்பாக வைக்கப்பட்ட பசுமை மின்சாரத்தில் ஏறத்தாழ 80 சதவீதத்தினர் தங்கினார்கள், வீடுகளைப் போலவே, கணக்குப் பார்த்து நடப்பதாகக் கருதப்படும் நிறுவனங்களும் தங்கின, விளைவு சில ஆண்டுகள் கழித்தும் குன்றவில்லை. அங்கே கிடைத்த 80-க்கும் ஜெர்மனியின் 94-க்கும் இடையிலான வேறுபாட்டை நகரங்கள் மறக்கக் கூடாது. விலை கூடும்போது சிலர் அசைகிறார்கள்.

தங்கியவர்கள் எல்லோரும் மனமுவந்து தங்கினார்கள் என்று இதிலிருந்து முடிவு செய்ய இயலாது. விரும்பித் தங்கியவர், விலையைப் பொருட்படுத்தாதவர், அறிவிப்பைப் பிரிக்காமலே குப்பையில் போட்டவர் ஆகிய மூவரும் கணக்கில் ஒரே எண்ணாகவே பதிவாகிறார்கள்.

இனி மின்சாரத்தின் தன்மை. வீட்டுக்குள் வரும் மின்சாரத்தில் எந்த மாறுதலும் நிகழவில்லை. ஒரே மின்கட்டமைப்பில் எல்லா நிலையங்களின் உற்பத்தியும் கலந்தே வருகிறது. ஊர் ஓராண்டில் பயன்படுத்திய அளவுக்குச் சமமான அளவு புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வாங்கப்பட்டது என்பதே 100 சதவீதம் என்பதன் பொருள். மாநில விதிப்படி சூரியன், காற்று, புவிவெப்பம், உயிர்ப்பொருள், சிறு நீர்மின் நிலையங்கள் இக்கணக்கில் சேரும். பெரிய அணைகளும் அணு மின்சாரமும் சேரா. கணக்கு ஆண்டுக்கணக்கானதால், இரவு ஒன்பது மணிக்கு எரியும் விளக்குக்குப் பின்னால் எரிவாயு நிலையம் இருக்கலாம். 2020 ஆகஸ்ட் 14, 15 தேதிகளில் கடும் வெப்ப அலையின்போது, சூரிய உற்பத்தி இறங்கிய மாலைவேளையில் கலிபோர்னியாவின் பல பகுதிகளில் முறைவைத்து மின்சாரம் நிறுத்தப்பட்டது. அந்த நெருக்கடியில் பசுமைத் திட்டத்து ஊர், மற்ற ஊர் என்ற பேதம் இருக்க வழியில்லை.

ஆனால் 'வெறும் காகிதக் கணக்கு' என்று இதைத் தள்ளிவிடுவதும் சரியன்று. ஏறத்தாழ பத்து லட்சம் இணைப்புகளின் நிலையான வருமானம் கையிலிருந்ததால்தான் அலையன்ஸால் நீண்டகால ஒப்பந்தங்களைச் செய்ய முடிந்தது. அரிசோனாவின் வைட் ஹில்ஸ் காற்றாலைத் தொகுதி, லங்காஸ்டரில் 100 மெகாவாட்டை நான்கு மணிநேரம் தரக்கூடிய லூனா மின்கலத் தொகுதி ஆகியவை அவற்றில் சில. புதிதாகக் கட்டுபவருக்கு வங்கிக் கடன் கிடைப்பது இத்தகைய ஒப்பந்தத்தைக் காட்டித்தான். முதல் ஆண்டில் சந்தையில் ஏற்கெனவே இருந்ததை வாங்கியதற்கும், பின்னர் புதிய நிலையங்கள் எழ ஒப்பந்தம் போட்டதற்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. இயல்புத் திட்டத்தின் உண்மையான பயன் இரண்டாவதில்தான் இருக்கிறது.

நகரத்தின் கார்பன் கணக்கில் மின்சாரத்தின் பங்கு சரிந்தது. எஞ்சியவை பெரும்பாலும் வாகனங்களும் எரிவாயுவும். இங்கே ஒரு முரண் தலைகாட்டியது. எரிவாயு அடுப்பையும் வெந்நீர்க் கலனையும் விட்டு மின்சாரத்துக்கு மாறும்படி அதே நகரம் மக்களை ஊக்குவித்தது; 2019-ல் புதிய கட்டடங்களுக்கான விதிகளையும் அதற்கேற்ப மாற்றியது. மின்சாரத்தின் விலையை ஏற்றும் இயல்புத் திட்டம் அந்த மாற்றத்துக்குச் சிறிதளவேனும் எதிராகவே செயல்படும். ஏற்றம் ஏழெட்டு சதவீதமாக இருக்கும்வரை இது பெரிய தடையன்று. கம்பிக் கட்டணமும் ஆண்டுதோறும் ஏறிவரும் மாநிலத்தில் அதைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும்.

2022-ல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் நேரடி நிர்வாகத்தில் உள்ள பகுதிகளும் வேறு சில நகரங்களும் 100 சதவீதத்தை இயல்பாக்கின. முதலில் 50-ல் நின்று, மற்ற ஊர்களின் நிலவரத்தைப் பார்த்துவிட்டு உயர்த்தியவர்களின் பாதையும் குறைந்ததன்று. வெயில் மிகுந்த ஊர்களுக்கு அதுவே பொருத்தமாகவும் இருந்திருக்கும்.

## மாற்ற வேண்டியவை

விலை வேறுபாட்டைச் சதவீதத்தில் சொல்வதை விட்டு, அந்தந்த இணைப்பின் சென்ற ஆண்டு நுகர்வை வைத்து 'உங்களுக்கு மாதம் ஏறத்தாழ இத்தனை டாலர் கூடும்' என்று அறிவிப்பின் முதல் வரியிலேயே அச்சிட வேண்டும். நுகர்வு விவரம் எடிசனிடம் இருக்கிறது. அதைப் பெறுவதற்கான ஏற்பாடு கடினம் என்பது சரி, ஆனால் வேண்டாம் என்று சொல்லும் பொறுப்பை மக்களிடம் வைப்பவர்கள் அந்தக் கடினத்தை ஏற்பதே முறை.

வணிக இணைப்புகளை மே மாதத்தில் சேர்த்ததைத் தவிர்த்திருக்கலாம். கோடைக் கட்டணம் முடிந்தபின், அக்டோபரிலோ அதற்குப் பிறகோ சேர்த்திருந்தால், முதல் சில பில்களில் வேறுபாட்டின் காரணம் தெளிவாகத் தெரிந்திருக்கும். சிறு கடைகளுக்கு இரண்டாவது திட்டத்தை இயல்பாக வைப்பது பற்றியும் தனியே யோசித்திருக்கலாம். வீட்டுக்கும் உணவகத்துக்கும் ஒரே முடிவு பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சலுகை பெறுவோருக்குக் கூடுதல் விலையில்லை என்ற விதி, ஏற்கெனவே 'கேர்' பட்டியலில் இருப்பவர்களை மட்டுமே காக்கிறது. தகுதியிருந்தும் பதிவு செய்யாதவர்கள் முழு ஏற்றத்தையும் கட்டுகிறார்கள். அவர்களும் படிவத்தை நிரப்பாதவர்கள்தாம். ஆகவே நான்கு அறிவிப்புகளோடும் அந்தச் சலுகைக்கான விண்ணப்பத்தையும் இணைத்து அனுப்புவது செலவு குறைந்த திருத்தம்.

கடைசியாக, குடிமாறும் ஊர் என்பதால் எழும் சிக்கல். 2018-ன் விவாதத்தையும் 2019-ன் அறிவிப்புகளையும் பார்த்தவர்களில் பலர் இன்று அங்கே இல்லை. புதிதாக வாடகைக்கு வருபவர் மின் இணைப்பைத் தம் பெயருக்கு மாற்ற எடிசனை அழைக்கிறார். அந்த இணைப்பு தானாகவே அலையன்ஸில் 100 சதவீதத் திட்டத்துக்குச் செல்கிறது. விளக்கம் பின்னால் தபாலில் வருகிறது. விலையும் மூன்று திட்டங்களும் அந்த முதல் அழைப்பிலேயே, அல்லது வாடகை ஒப்பந்தத்தோடு நகரம் தரும் ஒரு பக்கத் தாளிலேயே அவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும்.